எதிர்பார்த்த விளைவு

எட்டு மணி நேரம் சுவரைச் சுடுவது என் வேலை.
செங்கல்லில் பட்டால் சிவப்புத் தூள், சுண்ணாம்பில் பட்டால் வெள்ளை.
ஆள்மேல் பட்டால் ரத்தம் நாலு வினாடி பரவி நிற்க வேண்டும்.
ஐந்தாவது வினாடியும் பரவினால் பிழை என்று எழுதிப் போடுவேன்.
தொண்ணூறு வினாடியில் பிணம் மறைந்துவிடும்.
மரியாதைக்காக அல்ல,
நினைவகம் போதவில்லை.

சரயேவோவில், ட்ராம் திரும்பும் முனையில், மூன்றாம் மாடி.
ஜன்னலைத் திறந்தால் த்ரெபெவிச் மலை.
நான் திறப்பதில்லை. திரை கூசும்.

பிடிக்குமா என்பார்கள். பிடிக்கும்.
கூரைமேல் படுத்து, மூச்சை அடக்கி,
ஒரே தோட்டாவில் காவலாளியின் தொப்பி பறக்கும்போது
உள்ளங்கை குறுகுறுக்கும். இதில் மறைக்க என்ன?
அந்தக் காவலாளிக்குப் பெயர் கிடையாது, ஆனால் இருமுவான்.
தனியாக நின்றால் ஏதோ முணுமுணுப்பான்.
சேர்த்தவன் வெதாத்.
உயிர் இருப்பதுபோல் இருந்தால்தான் சுடச் சுகம் என்கிறான்.
கெட்டவன் இல்லை, பூனைக்கு மீன் வாங்கிப் போகிறவன்.

போன வருஷம் ஒரு பத்திரிகைக்காரி வந்தாள்.
இதெல்லாம் ஆடினால் பிள்ளைகள் கொலைகாரர் ஆவார்களா என்றாள்.
எங்கள் மலைமேல் படுத்திருந்தவர்கள்
சதுரங்கம் ஆடி வளர்ந்தவர்கள் என்றேன்.
அவள் அதை அச்சிடவில்லை. நல்லதுதான்.
பதில்போல இருந்ததே தவிர அது பதில் இல்லை.

எங்கள் விளையாட்டு நகரத்தில் ஊஞ்சல் உண்டு,
கொடியில் காயும் குட்டிச் சட்டைகள் உண்டு,
பள்ளிக்கூடம் உண்டு, கரும்பலகையில் பாதிக் கணக்கு.
குழந்தைகள் இல்லை.
குழந்தை செத்தால் சான்றிதழ் கிடைக்காது.
சாகாவிட்டால் ஆடுகிறவர்கள் சிரிப்பார்கள்.
ஆகவே ஒட்டுமொத்தமாக எடுத்துவிட்டார்கள்.
பெரியவர்களைப் பற்றி ஒரு கூட்டமும் நடந்ததாக ஞாபகமில்லை.

செவ்வாய்க்கிழமை, இருநூற்றுப் பன்னிரண்டாம் பதிப்பில்,
ரொட்டிக் கடைக்குப் பின்னால் ஒரு பையன்.
பழைய காட்சி எதிலிருந்தோ அழிக்க மறந்தவன்.
சுவரில் பந்தை எறிவான், பிடிப்பான், எறிவான்.
என் வேலை எதுவோ அதைச் செய்தேன்.
பதினோரு தோட்டா.
பதினொன்றும் அவனுக்குள் புகுந்து பின்சுவரைத் துளைத்தன.
வெள்ளைத் தூள். நிறம் சரிதான்.
அவன் பந்தைப் பிடித்தான்.

எனக்கு அப்போது ஏழு வயசு. இரண்டு கையிலும் கேன்.
பீர் ஆலைக் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டு
குறுக்குத் தெருவைத் தாண்டும்போது மூடி கழன்று உருண்டது.
ஓடவில்லை. குனிந்து எடுத்தேன்,
காலையில் ஓர் ஆள் விழுந்த அதே இடத்தில்.
மேலே ஒருவன் என்னைப் பார்த்தான்.
எப்படித் தெரியும் என்றால், பிடரிக்குத் தெரியும்.
சுடவில்லை.
இரக்கமா,
துப்பாக்கி சிக்கிக்கொண்டதா,
அந்த நேரம் பார்த்து சிகரெட் பற்றவைத்தானா?
அவனுக்கு நன்றி சொல்வதா காறித் துப்புவதா என்று
முப்பது வருஷமாக முடிவாகவில்லை.

வெதாத் எட்டிப் பார்த்தான்.
எழுதிப் போடு மெர்சிஹா, இன்றைக்கே எடுத்துவிடுவார்கள்.
எழுதினேன்.
நிகழ்ந்தது: பையன் இருக்கிறான்.
எதிர்பார்த்த விளைவு:
அந்தக் கட்டத்தில் கர்சர் வெகுநேரம் மினுக்கியது.
காபி ஆறி, கசடு அடியில் இறுகியது.
யாரும் இல்லை என்று தட்டி அனுப்பினேன்.

புதன்கிழமை பையன் இல்லை.
பந்து இருந்தது.
எறிய ஆளில்லாமல் சுவருக்குப் போய், திரும்பி,
அவன் கை இருந்த உயரத்தில் ஒரு கணம் நின்று,
மறுபடி சுவருக்கு.
பழக்க தோஷம், குறி வைத்துவிட்டேன்.
பந்துக்கு விதிவிலக்கு கிடையாது, பட்டால் வெடிக்கும்.
விரலை எடுத்தேன்.
எழுதியும் போடவில்லை.

ஏன் என்று வெதாத் கேட்டால்
சிகரெட் பற்றவைக்கப் போயிருந்தேன் என்பேன்.
நான் புகைப்பதில்லை. அவனுக்கும் தெரியும்.